நெற்றி தொடும் கை

கல்லூரி முதல்வர் சீனுவாசன் பேசி முடித்து வைத்துவிட்ட பிறகும், ஜெகதீசன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அது நேற்று சாயந்தரம். ஆனால் விடிந்து, குளித்து, இட்லிக்குத் தட்டு எடுத்து வைக்கிறபோதும் அவர் அங்கேயே அப்படியே நிற்பது போலத்தான் மனைவி கவிதாவுக்குத் தோன்றியது.

முதல்வர் சொன்னதில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஓர் அரசுக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரான ஜெகதீசன், கபடி ஆட்டத்துக்கு முன்னால் மாணவிகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தி நெற்றியிலும் மயிலம் முருகன் கோயில் விபூதியைத் தன் கையால் பூசிவிடுகிறார். வேணி என்கிற கிறிஸ்தவப் பெண், பூசியதைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே களத்துக்குள் போவது யாரோ எடுத்த வீடியோவில் விழுந்துவிட்டது. அடுத்த ஆட்டத்தில், அணியிலேயே பெரிய ரெய்டரான அவளை ஜெகதீசன் வெளியே உட்கார வைத்துவிட்டார். பெண்ணின் அப்பா அந்தோணிசாமி கல்லூரிக்கே வந்து முறையிட்டுவிட்டுப் போனார்.

"நாளைக்கு விழுப்புரத்துல பைனல். போகாதீங்கன்னு நான் சொல்லல," என்றிருந்தார் முதல்வர். "ஆனா சாமி சமாச்சாரம் எதுவும் கிரவுண்டுக்குள்ள வரக்கூடாது. வந்துதுன்னா சஸ்பெண்ட் பண்றதத் தவிர எனக்கு வழி இல்ல. அந்தப் பொண்ண ஏன் உக்கார வச்சீங்கன்னு திங்கக்கிழமை கமிட்டி முன்னாடி சொல்லணும். பொண்ணுங்க வர்ற வேன்ல ஏறாதீங்க. தனியா வந்துடுங்க."

இதில் முதல்வர் சொல்லாத ஒன்றும் இருந்தது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் இன்று மைதானத்துக்கு வருகிறார்கள். வேணிக்கு இது மூன்றாம் வருஷம், கடைசி வருஷம். இன்று அவர்கள் கண்ணில் பட்டால் உண்டு. வெளியே உட்கார்ந்திருக்கிற பெண்ணை யாரும் பார்ப்பதில்லை.

"அந்தப் பொண்ணு இன்னிக்கி ஆடுமா, ஆடாதா?" என்று கேட்டாள் மகள் கலைப்பிரியா. விழுப்புரம் நீதிமன்றத்தில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள்.

"யாரு ஆடணும்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்."

"நீதான் பண்ணுவ. அதாம்பா பிரச்சினையே."

ஜெகதீசன் இட்லியைப் பிட்டார். பிட்டதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? ரெண்டு வருஷமா தலைய நீட்டிக்கினுதான இருந்தா?"

"உன்கிட்ட யாருப்பா சொல்லுவாங்க? நீ சட்டைய உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டுக்கினு போனாகூட உங்க ஸ்டாப் ரூம்ல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. சொல்லியே ஆகணும்னா சீட்டுக் குலுக்கி, பேரு வந்தவங்க அழுதுக்கினே வந்து சொல்லுவாங்க."

கவிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடுப்புப் பக்கம் திரும்பி முடித்துக்கொண்டாள்.

"நான் யாரையும் மதம் மாத்தல," என்றார் ஜெகதீசன். "ஒரு துளி விபூதி. அது இன்னா பண்ணிடுச்சி?"

"வூட்ல பூசிக்கோ. மலையில பூசிக்கோ. நெத்தி முழுக்கப் பட்டை போட்டுக்கினு நீ கிரவுண்டுல நின்னாலும் ஒருத்தரும் கேக்க முடியாது. அடுத்தவ நெத்தியில ஏம்பா? அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கினு?"

"ஜல்தி சாப்பிடு. பஸ்ஸுக்கு நேரமாச்சி," என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூன்று பேருமே கிளம்பினார்கள். கவிதாவை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கணவர் நடத்தும் ஓர் ஆட்டத்தைப் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டி நின்றது. இடம் கிடைத்தது. ஜன்னலோரம் ஜெகதீசன், நடுவில் கவிதா, முன் இருக்கையில் கலை.

இந்த மனிதருக்கு முன்பெல்லாம் விபூதிப் பழக்கமே கிடையாது என்பதுதான் வேடிக்கை. பங்குனித் தேருக்குக் கவிதா மயிலம் மலையேறினால், இவர் அடிவாரத்து டீக்கடையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்காருவார். "முருகன் எனக்கும் சேத்து உன்கிட்ட குடுத்தனுப்புவாரு, போ," என்பார். மலைக்குப் போகிறவர்களைத் தடுக்கவும் மாட்டார். தானாக ஏறவும் மாட்டார். மகன் பூவரசன் போன பிறகுதான் ஒருநாள் தனியாகப் போய், பொட்டலம் பொட்டலமாக விபூதியோடு திரும்பி வந்தார். மறுநாளிலிருந்து மாணவிகளின் நெற்றியில் அது ஏறியது.

மகன் போன துக்கம், அதில் மனசு மாறிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. அதைவிட நல்ல காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

கூட்டேரிப்பட்டு வந்தது. மூன்று பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அங்கே நெடுஞ்சாலையில், கூட்டாளி ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஆட்டத்துக்குப் போன பூவரசனை ஒரு லாரி அடித்துவிட்டது. இது மூன்றாவது வருஷம். அந்த இடத்தைக் கடக்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். கலை கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்தாள். ஜெகதீசன் கண்ணை மூடினார். கவிதா சாலையின் எதிர்ப்பக்கம், வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்கிறவளைப் பார்த்தாள்.

கவிதாவுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும்.

அன்று காலை மகன் கிளம்பும்போது அவள்தான் விபூதி பூசிவிட்டாள். பூசிவிட்டு, தண்ணீர் பாட்டில் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வருகையில் கதவருகே நின்றுவிட்டாள். அப்பாவும் பிள்ளையும் வாசலில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டையப் போட்டுக்கினு போனா எதுத்தாப்புல நிக்கிறவன் பயந்துடுவானாடா? ரெய்டு போறது நீயா, முருகனா?" என்று சொல்லிக்கொண்டே ஜெகதீசன் தன் துண்டின் முனையால் பையன் நெற்றியை அழுத்தித் துடைத்தார். பையனும் சிரித்துக்கொண்டே முகத்தைக் காட்டினான். பிறகு வண்டி ஏறிப் போய்விட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. துடைத்ததற்கும் லாரிக்கும் சம்பந்தம் இல்லை என்று கவிதாவுக்குத் தெரியும். சில நாள் நன்றாகத் தெரியும். சில நாள் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

விழுப்புரத்தில் இறங்கியதும் ஜெகதீசன், "நீங்க கிரவுண்டுக்குப் போய்க்கினு இருங்க. வர்றேன்," என்றார்.

"எங்க போற?" என்றாள் கலை.

அவர் சாலையைக் கடந்தார். இருவரும் பின்னாலேயே போனார்கள். அவர் ஒரு மாதா கோயில் வளாகத்துக்குள் நுழைந்தார். வாசலை ஒட்டி மெழுகுவர்த்தியும் செபமாலையும் விற்கிற சின்னக் கடை. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"நெத்தியில வைக்கிற எண்ணெ இருக்குதாங்களா?"

"வேளாங்கண்ணி எண்ணெ இருக்குது. இன்னா வேண்டுதலுங்க? ஒடம்பு சரியில்லியா?"

"இல்லீங்க. மேட்ச்சு."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நரைத்த மீசை, தொங்கிய விசில். "இந்த வயசுலயா?" என்றாள்.

கலை வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெகதீசன் பாட்டிலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நேற்று சாயந்தரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்திருந்தது. கணக்குக்கு விடை கிடைத்துவிட்ட பையன் முகம்.

"எதுக்குப்பா இது?"

"அவங்க சாமி, அவங்க எண்ணெ. இப்ப இன்னா கொற சொல்லுவாங்க? மத்தவங்களுக்கு விபூதி, அவளுக்கு இது. எல்லாம் சமம்."

"முதல்வர் உன் சாமி வேணாம்னு சொல்லலப்பா. எந்தச் சாமியும் வேணாம்னாரு. நீ இன்னொரு சாமியச் சேத்துக்கினு போற."

"உனக்கு எல்லாமே கோர்ட்டு."

"ம்மா, நீயாவது சொல்லு."

கவிதா அவர் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முருகனோ மாதாவோ இந்த மனிதருக்கு இப்போது ஒன்றுதான். அந்தப் பெண்ணின் நெற்றி வெறுமனே இருக்கக்கூடாது. அதுதான் விஷயம். வீடியோவில் வேணி துடைப்பதைப் பார்த்தபோது இவருக்கு வந்தது கோபம் இல்லை. வேணியை உட்கார வைத்தது எதனால் என்று கவிதாவுக்கு அந்த மாதா கோயில் வாசலில் நின்றபடி விளங்கியது. விளங்கிய பிறகு வெயில் கொஞ்சம் அதிகமானது போலிருந்தது.

மைதானத்தில் பாய் விரித்துக் களம் போட்டிருந்தார்கள். எதிர் அணி கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண்கள், நல்ல உயரம். பந்தலுக்குக் கீழே மூன்று பேர் கையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் எடுக்க வந்தவர்கள் அவர்கள்தான் என்று கலை விசாரித்து வந்து சொன்னாள்.

வேணி மற்றப் பெண்களோடு உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். குட்டை உருவம், இறுக்கிக் கட்டிய பின்னல். கயிற்றுக்கு வெளியே, சிமெண்ட் ஒட்டிய விரல்களால் கயிற்றைப் பிடித்தபடி அந்தோணிசாமி நின்றார். திண்டிவனத்தில் கொத்து வேலை பார்க்கிறவர். இன்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்.

"வேணி, இங்க வாம்மா," என்று ஜெகதீசன் கூப்பிட்டார்.

அவள் ஓடி வந்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜெகதீசன் பாட்டிலை எடுத்துக் காட்டினார்.

"உங்க சாமி எண்ணெம்மா. வேளாங்கண்ணி. தலையக் காட்டு."

"வேணாம் சார்."

"ஏம்மா? நீங்க மாதா கோயில் சபை இல்லியா?"

"அதேதான் சார். எங்க வூட்லயும் இதே பாட்டிலு இருக்குது. அம்மா காலைல வச்சிதான் அனுப்பிச்சாங்க. வேர்வையில போயிருக்கும்."

"பின்ன இன்னா?"

வேணி பாட்டிலைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"எண்ணெ இல்ல சார். உங்க கைதான் சார்."

"கைக்கு இன்னா?"

"ஏழு பேரு யாருன்னு எழுதற கை சார் அது. அது நெத்திக்கு வரும்போது வேணாம்னு எப்படி சார் சொல்றது? ரெண்டு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு நெனச்சிக்கினு இருந்தேன். சொன்னா உக்கார வச்சிடுவீங்கன்னு பயம். கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, தொடச்சிக்கினு போனேன். அதுக்கே உக்கார வச்சிட்டீங்க."

"நான் அதுக்காக உக்கார வைக்கலம்மா."

"பின்ன எதுக்கு சார்?"

ஜெகதீசன் வாயைத் திறந்தார். அதற்குள் அந்தோணிசாமி கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார்.

"சார், வணக்கம். நீங்க கெட்டவருன்னு நான் எங்கயும் சொல்லல சார். முதல்வர்கிட்டயும் சொல்லல. எம் பொண்ணுக்கு இந்த ஆட்டத்தக் கத்துக் குடுத்தது நீங்க. எங்க வூட்ல, சவுரியம்மா இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'அவ்ளோ பெரிய மனுசன், நம்ம பொண்ண கையால தொட்டுப் பூசறாரு, அதப் போயி பெருசு பண்றியே'ன்னுச்சி. எங்க பாட்டன் காலத்துல உங்க பக்கத்து ஊர்ல எங்கள யாரும் தொட மாட்டாங்க, அது உங்களுக்கும் தெரியும். இப்ப நீங்க தொடறீங்களே, அதுக்குச் சந்தோஷப்படணுமாம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "தொடறது பெருசு இல்ல சார். கேட்டுட்டுத் தொடணும்."

அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் இரண்டு அணிகளையும் களத்துக்கு அழைத்தார்.

ஜெகதீசன் பாட்டிலோடு தன் அணியிருந்த பக்கம் நடந்தார். வேணியைப் பார்த்து, "நீ இரு," என்று மட்டும் சொன்னார். இரு என்றால் காத்திரு என்பதா, உட்கார் என்பதா என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பாத்தியாம்மா?" என்றாள் கலை. கண் சிவந்திருந்தது. "பழி வாங்கறாரு. சொந்த அப்பான்னு பாக்காம நானே அந்தப் பொண்ணுக்கு மனு எழுதிக் குடுக்கப் போறேன்."

"பழி இல்ல கலை. பயம்."

"யாருக்குப் பயம்? சஸ்பெண்ட் பண்ணிடுவாங்கன்னா?"

கவிதா அப்போது சொன்னாள். விபூதி பூசியது, துண்டு முனை, வாசல் சிரிப்பு எல்லாம். நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இத்தனை நாளாகச் சுமந்தது இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே இருந்தது. கலை அந்த வருஷம் சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவள். தகவல் வந்து பேருந்து பிடித்து வந்து சேர்ந்தவள். அவளுக்கு அந்த வாசல் காட்சி இல்லவே இல்லை.

கலை பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேணியைப் பார்த்தாள். பிறகு, "அதுக்கு அந்தப் பொண்ணு இன்னாம்மா பண்ணும்?" என்றாள்.

"அதத்தான் நானும் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுக் கவிதா எழுந்தாள்.

பயிற்சியாளர் நிற்கிற இடத்துக்கு வெளியாட்கள் போகக்கூடாது. ஒரு நடுவர் கையை நீட்டி மறித்தார். "அவரு வூட்டுக்காரிங்க. மாத்திரை குடுக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போனாள். மாத்திரை எதுவும் இல்லை.

"ஏங்க."

ஜெகதீசன் திரும்பினார். "நீ ஏன் இங்க வந்த?"

"அவள எறக்குங்க."

"கவிதா, உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீங்க தொடச்சதால அவன் போகல. நான் பூசினது இருந்திருந்தாலும் நின்னிருக்க மாட்டான். லாரிக்காரன் தூங்கிட்டான். அவ்ளோதான்."

பக்கத்தில் பெண்கள் கைதட்டிக் கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி யாரோ ஒரு சிறப்பு விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தது. ஜெகதீசன் அவளையே பார்த்தார்.

"நீ சமையக்கட்டுல இருந்த," என்றார்.

"கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இத்தினி நாளா?"

"இத்தினி நாளாத்தான்."

யாருக்கும் தெரியாது என்று நினைத்துத்தான் அவர் இந்த மூன்று வருஷமும் சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார், அவள் பக்கத்தில் படுத்திருக்கிறார். அவளும் தெரியாதவள் மாதிரி சோறு போட்டிருக்கிறாள். இருவரில் யார் யாரை ஏமாற்றியது என்று அந்த இடத்தில் நின்று பிரித்துப் பார்க்க முடியாது.

"நான் சாமி வேணாம்னு சொல்றவ இல்ல," என்றாள் கவிதா. "தெனமும் கும்பிடறவ. அடுத்த வெள்ளிக்கிழமை வேணும்னா ரெண்டு பேரும் மலைக்குப் போலாம், நீங்களும் மேல ஏறி வாங்க. ஆனா உங்க பயத்த அந்தப் பொண்ணு நெத்தியில வைக்காதீங்க. அது அவ நெத்தி."

நடுவர் விசில் ஊதினார். தோள்களைச் சேர்த்துக்கொண்டு நின்ற பெண்களில் ஒருத்தி, அணித்தலைவி, தயங்கித் தயங்கி வந்தாள்.

"சார், விபூதி?"

பழக்கம் அப்படி. பூசாமல் இறங்கினால் தோற்றுவிடுவோமோ என்ற கலக்கம் அவள் முகத்திலேயே இருந்தது. அதை வளர்த்தவரும் இவர்தான்.

ஜெகதீசன் அவளை வெகுநேரம் பார்த்தார். "உன்கிட்ட இருந்தா நீ பூசிக்கம்மா," என்றார். "வேணும்னா பூசிக்க, வேணாம்னா வுடு. என்கிட்ட வராத."

அவள் ஓடிப்போய்த் தன் பையில் துழாவினாள். இரண்டு பேர் அவளிடம் கைநீட்டினார்கள். மற்றவர்கள் நீட்டவில்லை. ஒருத்தி தண்ணீர் குடித்தாள். இவ்வளவு நாளும் ஒரே வரிசையாக நின்றவர்களில் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஜெகதீசன், "வேணி, எறங்கு," என்றார்.

அவளுக்குக் கேட்கவில்லை. கவிதாதான் உரக்கச் சொன்னாள்: "வேணி! சார் எறங்கச் சொல்றாரும்மா!"

பெண் எழுந்தாள். களத்தின் ஓரத்தில் குனிந்து கோட்டைத் தொட்டாள். உள்ளே போனாள்.

ஜெகதீசன் திரும்பிக்கொண்டார். களத்துக்கு முதுகு, முகம் பந்தல் கம்பத்துக்கு. ஒரு பயிற்சியாளர் இறுதி ஆட்டத்தில் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அந்த மைதானம் பார்த்ததில்லை.

"இன்னா நடக்குது?" என்று கேட்டார்.

"எனக்கு எங்க தெரியும்? ஓடறாங்க."

"யாரு ஓடறா?"

"எல்லாரும்தான்."

கலை வந்து சேர்ந்துகொண்டாள். "அவங்க பொண்ணு ரெய்டு வந்துச்சிப்பா. பிடிச்சிட்டாங்க. நமக்கு ஒரு பாயிண்ட்டு."

"வேணி?"

"நிக்கிறா. ஓரத்துல."

"நல்லா நிக்கிறாளா?"

"நிக்கறதுல இன்னாப்பா நல்லா, கெட்டது? ரெண்டு காலு தரையில இருக்குது."

வேணி ரெய்டு போனாள். முதல் தடவை ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தாள். அடுத்த தடவை இரண்டு பேரை. பந்தலுக்குக் கீழே இருந்த மூவரில் ஒருவர் பாட்டிலை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவிதா பார்த்தாள். அதையும் சொன்னாள். ஜெகதீசன் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்றாவது தடவை எதிரணி காத்திருந்தது. கணுக்காலை ஒருத்தி பிடித்தாள். இடுப்பை இன்னொருத்தி. மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். பாயில் தொப்பென்று ஒரு சத்தம். கூட்டம் 'ஓ' என்று இழுத்துவிட்டு நின்றது.

"இன்னா அது? இன்னா சத்தம்? கவிதா, எழுந்துட்டாளா?"

மேலே விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துகொண்டார்கள். வேணி எழவில்லை. முகம் பாயில் பதிந்து கிடந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அந்தோணிசாமி ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

"கவிதா!"

"எழுந்துட்டா," என்றாள் கவிதா. "எழுந்து நிக்கிறா. சிரிக்கிறா."

கலை அம்மாவை வெடுக்கென்று பார்த்தாள். கவிதா களத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் வாயில் முருகன் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அது அவள் வாய். யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு வேணி ஒரு கையை ஊன்றினாள். முழங்காலில் எழுந்து, பல்லில் நாக்கை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டு, நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை. தன் காலைப் பிடித்தவளை முறைத்துக்கொண்டே வெளியே வந்து உட்கார்ந்தாள்.

கவிதா பெருமூச்சு விட்டாள். அவள் பொய் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பு தவிர, அது உண்மையாகியிருந்தது.

இடைவேளை விசில் ஊதியபோது இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி. பெண்கள் தண்ணீருக்கு ஓடினார்கள். அப்போதுதான் ஜெகதீசன் களத்தின் பக்கம் திரும்பினார். வேணி பெஞ்சில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை. அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தோணிசாமி வந்தார்.

"எறக்கிட்டீங்க. ரொம்ப நன்றி சார்."

"நன்றியெல்லாம் வேணாம்."

"ஆனா முறையீட்ட நான் வாபஸ் வாங்க மாட்டேன் சார். இன்னிக்கி எறக்கினது இன்னிக்கிக்கு. அன்னிக்கி ஏன் உக்கார வச்சீங்கன்னு எம் பொண்ணு தெனமும் கேக்குது. 'நான் செஞ்சது தப்பாப்பா'ன்னு கேக்குது. அதுக்கு நான் இன்னா சொல்றது? திங்கக்கிழமை கமிட்டிக்கு நானும் வர்றேன். உங்க வாயால கேட்டுக்கறேன்."

"அவ செஞ்சது தப்பு இல்ல," என்றார் ஜெகதீசன்.

"பின்ன?"

கமிட்டி என்றால் ஐந்தாறு பேர், நடுவில் மின்விசிறி, யாரோ எழுதிக்கொள்வார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் மூன்று வருஷம் பேசிக்கொள்ளாத ஒன்றை அங்கே எப்படிச் சொல்வார் என்று கவிதா நினைத்துப் பார்த்தாள். சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால், ஒரு சின்னப் பெண்ணைப் பழி வாங்கியவர் என்று பெயர் நிற்கும். 'துக்கத்தில் செய்தது' என்று சொல்லித் தப்பவும் ஒரு வழி உண்டு. அந்த வழியில் இவர் போய்விடக் கூடாதே என்றும் அவளுக்கு இருந்தது.

"கமிட்டி வரைக்கும் எதுக்கு," என்றார் ஜெகதீசன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். "உங்ககிட்ட மொதல்ல சொல்லிடறேன். எனக்கு ஒரு பையன் இருந்தான்."



இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியது. பெண்கள் ஓடினார்கள். வேணி மறுபடியும் குனிந்து கோட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். முதல் ரெய்டே அவளுடையது. பந்தலுக்குக் கீழே மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

அந்தோணிசாமி மகளை ஒருமுறை பார்த்தார். அவள் நடுக்கோட்டில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு களத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஜெகதீசன் முகத்தைப் பார்த்து நின்றார்.

"சொல்லுங்க சார்," என்றார்.